பழைய டெஸ்க்டாப்பில் புதிய விண்டோஸ் போடலாமா? குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை கணினிப் பகுதிக்குக் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்கள் எல்லாமே பழைய டெஸ்க்டாப்பைச் சுற்றியே இருக்கின்றன. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதுதான் காரணம். அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே.

அண்ணாச்சி, தக்கலையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். 2012-இல் வாங்கிய டெஸ்க்டாப். ஐ3 இரண்டாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 32 பிட் விண்டோஸ் 7, ஹெச்பி 1020 பிரிண்டர். கல்யாண லெட்டர், கோயில் கொடை நோட்டீஸ், அசன நோட்டீஸ் எல்லாம் பேஜ்மேக்கரில் பாமினி எழுத்தில்தான் அடிக்கிறேன். இப்போது பல வெப்சைட் திறக்கவே மாட்டேன் என்கிறது, திறந்தாலும் ஆமை வேகம். 800 ரூபாய் கொடுத்தால் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்று ஒரு பையன் சொல்கிறான். போடலாமா? பழைய ஃபைல் எல்லாம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

போட வேண்டாம் அண்ணாச்சி. அவனை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

விண்டோஸ் 11 கேட்பது இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசசர் அல்லது அதற்கு மேல், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பான தொடக்க வசதி. உங்களுடைய மெஷினில் இந்த மூன்றில் ஒன்றுகூட ஒழுங்காகத் தேறாது. அந்தப் பையன் போடப்போவது சோதனையைத் தாண்டவைக்கும் குறுக்குவழி, அதோடு லைசென்ஸ் வாங்காமலேயே வாங்கியதுபோலக் காட்டும் ஆக்டிவேட்டர் என்ற ஒரு திருட்டு நிரல். ஆக்டிவேட்டரை ஓட்டும்போது முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும், கவனித்துப் பாருங்கள். ஊர்க்காரர்களின் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் எல்லாம் ஸ்கேன் ஆகிற மெஷினில் யார் எழுதியது என்றே தெரியாத ஒரு நிரலுக்குக் கதவைத் திறந்துவிடுவது சரியில்லை.

வெப்சைட் திறக்காததற்குக் காரணம் பிரவுசர். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இலேயே ஆதரவை முடித்துவிட்டது, குரோம் 2023 தொடக்கத்தில் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அரசு தளங்களும் பேங்க் தளங்களும் புது பிரவுசரை எதிர்பார்த்து எழுதப்படுகின்றன, அவ்வளவுதான். ஆமை வேகத்துக்குக் காரணம் அது இல்லை, சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க். எந்த ஓஎஸ் (விண்டோஸ் போன்ற இயங்குதளம்) போட்டாலும் அந்த டிஸ்க் இருக்கும்வரை வேகம் வராது. இதை எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ஓஎஸ் மாற்றுவதற்குச் செலவழிக்க நினைத்த பணத்தை முதலில் ஒரு எஸ்எஸ்டிக்கு, அதாவது சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்குக்குச் செலவழியுங்கள். 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போதும்.

ரேமையும் 8 ஜிபி ஆக்கலாம், ஆனால் 32 பிட் விண்டோஸ் 7 வைத்துக்கொண்டு ரேம் வாங்கிப் போட்டால் பணம் வீண், ஏனென்றால் 32 பிட் விண்டோஸ் 7-ஆல் 4 ஜிபிக்கு மேல் தொடவே முடியாது, அதிலும் கையில் கிடைப்பது மூணேகால், மூணரைதான். 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு அப்படியே ஏற்றவும் முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். அந்தப் புதிதாகப் போடுகிற இடத்தில்தான் ஃபைல்கள் போகின்றன, உங்கள் பயம் நியாயமானது.

உங்களுக்கு நான் சொல்வது இரண்டு டிஸ்க் ஏற்பாடு. இப்போதிருக்கும் ஹார்ட் டிஸ்க், அதிலுள்ள விண்டோஸ் 7, பேஜ்மேக்கர், பாமினி எல்லாம் அப்படியே இருக்கட்டும், இனி அதை இன்டர்நெட்டோடு மட்டும் சேர்க்க வேண்டாம். புது எஸ்எஸ்டியை இரண்டாவதாக மாட்டி அதில் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான பதிப்பைப் போடுங்கள். காசு கிடையாது, 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் வரும், 4 ஜிபி ரேமிலேயே நன்றாக ஓடும். நெட் வேலை, ஸ்கேன், படிவம் நிரப்புவது எல்லாம் இதில். கஸ்டமர் கொண்டுவருகிற பென்டிரைவையும் இதிலேயே சொருகுங்கள். ஃபோல்டரை மறைத்துவிட்டு ஷார்ட்கட்டாகக் காட்டுகிற அந்த வைரஸ் விண்டோஸுக்காக எழுதப்பட்டது, மின்ட்டில் அது ஓடாது.

போடும்போது ஒன்று செய்யுங்கள், இதைத்தான் மிக முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். சிபியுவின் பக்கத் தகட்டைக் கழற்றி, பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மதர்போர்டுக்குப் போகிற அந்த மெல்லிய சாட்டா கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். கரண்ட் பிளக்கை முதலில் சுவரிலிருந்து எடுத்துவிட்டுத்தான். இப்போது மெஷினுக்கு எஸ்எஸ்டி ஒன்றுதான் தெரியும், எந்த டிஸ்க்கை அழிக்கட்டும் என்று அது கேட்டு நீங்கள் தப்பாக அமுக்கினாலும் பத்து வருட நோட்டீஸ் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. வேலை முடிந்ததும் கேபிளைத் திரும்ப மாட்டுங்கள். அதற்கும் முன்னால், பேஜ்மேக்கர் ஃபோல்டரையும் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி செய்து, வேறொரு மெஷினில் மாட்டி நாலைந்து ஃபைலைத் திறந்து பார்த்துவிடுங்கள். காப்பி ஆனது என்று திரையில் வந்தால் போதாது, திறக்க வேண்டும்.

மின்ட்டைப் போட, வேறொரு கணினியில் அதன் ஐஎஸ்ஓ ஃபைலை (நிறுவுவதற்கான முழுப் பிரதி) இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச நிரலால் ஒரு 8 ஜிபி பென்டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். மெஷினை ஆன் செய்தவுடன் பூட் மெனு விசை, ஜிகாபைட் போர்டு என்றால் எஃப்12, அசூஸ் என்றால் எஃப்8, இன்டெல் போர்டு என்றால் எஃப்10. பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும். அப்படியே ஒரு மணி நேரம் வேலை செய்து பாருங்கள், நெட் வருகிறதா, ஸ்கேனர் தெரிகிறதா, எல்லாம் சரி என்று பட்ட பிறகு இன்ஸ்டால் அமுக்கினால் போதும்.

ஹெச்பி 1020-ஐப் பற்றி. இந்த பிரிண்டருக்குள் சொந்த நினைவில் ஃபெர்ம்வேர் (அதை இயக்கும் நிரல்) கிடையாது, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். மின்ட்டில் ஹெச்பியின் நிரல் அதைச் செய்யும், ஆனால் முதல்முறை ஒரு பிளக்இன் இறக்கவா என்று கேட்கும், நெட் இருக்கும்போது சரி என்று கொடுத்துவிடுங்கள். (கேனன் 2900 வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு: அது லினக்ஸில் மிகவும் அடம்பிடிக்கும். உங்களுக்கு விண்டோஸே உத்தமம்.)

பாமினிக்குக் கவலையில்லை. அது எழுத்துருவுக்குள்ளேயே விசைகளை வைத்திருப்பதால் ஃபான்ட் ஃபைலை மின்ட்டில் நிறுவினால் லிப்ரே ஆஃபீஸில் அதே கைப்பழக்கத்தில் அடிக்கலாம். ஆனால் ஆன்லைன் படிவங்கள் யூனிகோடைத்தான் ஏற்கும், அதற்குத் தமிழ்99 விசைப்பலகை ஐபஸ் என்ற தட்டச்சு நிரல் வழியாக மின்ட்டில் கிடைக்கிறது. பேஜ்மேக்கர் மட்டும்தான் லினக்ஸில் கிடையாது, கொடை நோட்டீஸ் அடிக்கிற நாளில் பூட் மெனுவில் பழைய டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள்.

அப்படிப் பழைய டிஸ்க்கில் போகும்போது விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும், பயந்துவிடாதீர்கள். மின்ட் மதர்போர்டு கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று நினைத்துக்கொள்கிறது. வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வை என்று மின்ட்டில் ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் தீர்ந்தது.

ஐயா, நான் குலசேகரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகன் துபாயில். 2016-இல் அவன் வாங்கிக் கொடுத்த டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 10 இருக்கிறது. பேரப்பிள்ளைகளின் படங்கள், ரப்பர் பால் கணக்கு எக்செலில், கொஞ்சம் யூடியூப், மகனோடு வீடியோவில் பேசுவது, இவ்வளவுதான் வேலை. ஆதரவு முடிந்தது என்று திரையில் வருகிறது. இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்கிறான் மகன். லினக்ஸ் போடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுத் தம்பி. கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குத்தானே அது?

தூக்கிப் போட வேண்டாம் அம்மா. ஆதரவு முடிந்தது என்றால் மெஷின் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை, புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை இனி அடைக்க மாட்டார்கள் என்று அர்த்தம். அதிலும் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துத் தருகிறார்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் பதிவு செய்யும் இணைப்பு தெரியும், பதிப்பு 22ஹெச்2 ஆக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் காசில்லாமலேயே கிடைக்கும். இல்லையென்றால் 30 டாலர். இதை இன்றைக்கே செய்துவிடுங்கள், பக்கத்து வீட்டுத் தம்பி உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை.

அந்த அவகாசத்துக்குள் மெதுவாக லினக்ஸுக்கு மாறிக்கொள்ளுங்கள். படித்தவர்களுக்கு மட்டும் என்பது பழைய பேச்சு. நீங்கள் ஆசிரியையாக இருந்த காலத்தில்தான், 2011-லிருந்து, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததைப் பார்த்திருப்பீர்கள், நம் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் கணினிப் பாடமே லினக்ஸில்தான் படிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளால் முடிவது உங்களால் முடியும்.

முதலில் விண்டோஸில் இருந்துகொண்டே பழகுங்கள். லிப்ரே ஆஃபீஸை இறக்கி ரப்பர் கணக்கை அதில் திறந்து ஒரு மாதம் எழுதிப் பாருங்கள், எக்செல் ஃபைலை அது அப்படியே திறக்கும், கூட்டல், சராசரி எல்லாம் அதே சூத்திரம்தான். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைப் பழகுங்கள், மகனோடு கூகுள் மீட்டில் அதன் வழியாகப் பேசிப் பாருங்கள். இவை இரண்டும் மின்ட்டிலும் இதே முகத்தோடு இருப்பதால், மாறுகிற நாளில் உங்களுக்குப் புதிதாகத் தெரியப்போவது ஸ்டார்ட் மெனு மட்டும்தான். தம்பியிடம் சொல்லிப் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கும்போது கேமரா, மைக், ஸ்பீக்கர் மூன்றையும் மகனை அழைத்தே சோதியுங்கள். யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வைத்திருந்தால் அதையும், ஏனென்றால் சில டாங்கிள்கள் லினக்ஸில் தகராறு செய்யும், அது போட்ட பிறகு தெரிவதைவிட முன்பே தெரிவது நல்லது.

படங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஒரே டிஸ்க்கில் மட்டும் பேரப்பிள்ளைகளின் படங்களை வைத்திருக்காதீர்கள். ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி அதில் ஒரு பிரதி, மகனிடம் ஒரு பிரதி. குலசேகரம் பக்கம் சித்திரை, வைகாசியில் இடி எப்படி விழும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காப்பி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள், மெஷினிலேயே சொருகி வைத்தால் மின்னல் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்.

மணவாளக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன் அண்ணா. கடையில் கொடுத்து விண்டோஸ் 7-ஐ எடுத்துவிட்டு 10 போட்டு வாங்கினேன். அதிலிருந்து காலையில் ஆன் செய்தால் தேதி 2009 என்று காட்டுகிறது, எந்தத் தளத்தைத் திறந்தாலும் உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று வருகிறது. சில நாள் திரையே வராமல் பீப் சத்தம் மட்டும் கேட்கிறது. விண்டோஸ் சரியாகப் போடவில்லையா?

விண்டோஸின் மேல் தப்பில்லை தம்பி. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம்போல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று அதன் முதுகிலேயே எழுதியிருக்கும், அது தீர்ந்துவிட்டது. கரண்ட் இல்லாதபோது தேதியையும், மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸ் என்ற நிரலின் அமைப்புகளையும் காப்பது அதுதான். ஒவ்வொரு பாதுகாப்பான தளத்துக்கும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் உண்டு, உங்கள் மெஷின் 2009-இல் இருந்துகொண்டு பார்த்தால் அந்தச் சான்றிதழ் எதுவும் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால்தான் பிரவுசர் மறுக்கிறது. வாட்ச் கடையிலேயே பேட்டரி கிடைக்கும்.

மாற்றுவதற்கு முன் ஒரு வேலை. பயாஸுக்குள் போய் சாட்டா மோட் என்ற இடத்தில் ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா, ஐடிஇ என்று இருக்கிறதா என்று பார்த்து மொபைலில் படம் எடுத்து வையுங்கள். பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் தொழிற்சாலை அமைப்புக்குப் போய்விடும், பழைய போர்டுகளில் அது பெரும்பாலும் ஐடிஇ. விண்டோஸை ஏஹெச்சிஐயில் போட்டிருந்தால் மறுபடி அப்படியே மாற்றும்வரை நீலத்திரைதான் வரும், அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஃபார்மட் செய்யச் சொல்லிக் கொண்டுபோகிறவர்கள் நிறையப் பேர்.

பீப் சத்தத்துக்குப் பெரும்பாலும் ரேம்தான் காரணமாக இருக்கும். உங்கள் ஊரில் கடற்காற்றில் உப்பு, ரேமின் தங்கநிறப் பற்களில் படிந்து மங்கலாக்கிவிடும். பிளக்கைப் பிடுங்கி, சிபியுவின் இரும்பை ஒரு தடவை தொட்டு உடம்பிலிருக்கும் மின்னூட்டத்தைப் போக்கிவிட்டு, ரேமைக் கழற்றி, வெள்ளை அழிரப்பரால் அந்தப் பற்களை இரண்டு பக்கமும் மென்மையாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, விரல் படாமல் ‘டக்’ என்று இரண்டு பக்கக் கிளிப்பும் பூட்டும்வரை அழுத்துங்கள். சேலை, பெட்ஷீட் போட்டு மூடி வைக்கிற பழக்கம் இருந்தால் மெஷின் ஆறிய பிறகு மூடுங்கள்.

மார்த்தாண்டத்தில் தேன் வியாபாரம். டேலியும் ஜிஎஸ்டிக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் பழைய கோர் 2 டுயோவில் ஓடுகின்றன. இலவசம் என்பதால் லினக்ஸ் போடலாமா சார்?

வேண்டாம். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது, லினக்ஸில் வளைத்து ஓட்டுபவர்கள் உண்டு, வியாபாரக் கணக்கை அப்படி நம்பி வைக்கக் கூடாது. கோர் 2 டுயோவில் விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு குறுக்குவழியிலும் ஏறாது, அது கேட்கும் பாப்கவுண்ட் என்ற கட்டளை அந்த பிராசசரிலேயே கிடையாது. உங்களுக்குச் சரியானது, கம்பெனிகள் பயன்படுத்திவிட்டுத் தரும் எட்டாம் தலைமுறை ஐ3 அல்லது ஐ5 ரீஃபர்பிஷ்ட் டெஸ்க்டாப். வாங்கும்போது பில் கேளுங்கள், விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருப்பதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். டேலி டேட்டா ஃபோல்டரைக் காப்பி செய்வதற்கு முன் டேலியை மூடிவிடுங்கள், புது மெஷினில் ஒரு மாதக் கணக்கு பழையதோடு ஒத்துப்போவதைப் பார்த்த பிறகே பழைய மெஷினைக் கொடுங்கள்.

குளச்சல். கல்லூரி மாணவன். ஐ5 மூன்றாம் தலைமுறை, 8 ஜிபி. ரூஃபஸ் வழியாக விண்டோஸ் 11 போட்டுவிட்டேன், நன்றாகவே ஓடுகிறது. பிரச்சினை வருமா அண்ணா?

ஓடும் தம்பி. மாதாந்திர அப்டேட் வரலாம், ஆனால் தகுதியில்லாத மெஷினுக்கு அப்டேட் தருவோம் என்று மைக்ரோசாஃப்ட் வாக்குக் கொடுக்கவில்லை, வருடாந்திரப் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் நீங்களேதான் ஐஎஸ்ஓ இறக்கி ஏற்ற வேண்டும். படிக்கிற பையன், சொந்த மெஷின், கை வைத்துக் கற்றுக்கொள்வது நல்லதுதான், அப்பாவின் பேங்க் வேலையை மட்டும் அதில் செய்யாதீர்கள்.

அருமனை. பென்டியம் 4, 1 ஜிபி ரேம். ஏதாவது போட முடியுமா?

போட முடியும், பயன்படுத்த முடியாது. இன்றைய பிரவுசரில் ஒரு வெப்சைட்டைத் திறந்தாலே 1 ஜிபி திணறிவிடும். 32 பிட் கணினியில் நிறுவும் வசதியை, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனே 2025-இல் வந்த 13-ஆம் பதிப்போடு விட்டுவிட்டது. இதற்கு இனி ஒரு ரூபாயும் செலவழிக்காமல், டிஸ்க்கிலிருக்கும் ஃபைல்களை எடுத்துக்கொண்டு மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கருங்கலிலிருந்து ஒரு வாசகி. விண்டோஸ் போடக் கொடுத்த இடத்தில் டி டிரைவையும் சேர்த்து அழித்துவிட்டார்கள் அண்ணா. இறந்துபோன அப்பாவின் படங்கள் அதில்தான் இருந்தன. திரும்பக் கிடைக்குமா?

கிடைக்க வாய்ப்பு இருக்கிறது தங்கச்சி, ஆனால் இந்த நிமிடமே அந்த மெஷினை ஆஃப் செய்யுங்கள். குவிக் ஃபார்மட் செய்திருந்தால் படங்கள் எங்கே இருக்கின்றன என்ற அட்டவணைதான் அழிந்திருக்கும், படங்கள் அந்தந்த இடத்திலேயே கிடக்கும். அதன்மேல் புதிதாக ஏதாவது எழுதப்படும்போதுதான் அவை உண்மையில் போகின்றன. மெஷின் சும்மா ஆன் ஆகி இருந்தாலே விண்டோஸ் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். ஹார்ட் டிஸ்க் என்றால் நம்பிக்கை அதிகம், எஸ்எஸ்டி என்றால் குறைவு, எஸ்எஸ்டி காலியான இடத்தைத் தானே துடைத்து வைத்துக்கொள்ளும். முழு ஃபார்மட் கொடுத்திருந்தால் அநேகமாகக் கிடைக்காது.

டிஸ்க்கைக் கழற்றி, விவரம் தெரிந்த ஒருவரின் கணினியில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டச் சொல்லுங்கள். ஃபோட்டோரெக் என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது, அட்டவணையைப் பார்க்காமல் டிஸ்க்கை ஓரம் விட்டு ஓரம் படித்து, ஜேபெக் படத்தின் தொடக்க அடையாளத்தைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாக எடுக்கும். பல மணி நேரம் ஓடும், படங்களின் பழைய பெயர் வராது, எண்களாகத்தான் வரும், பரவாயில்லை. டிஸ்க்கிலிருந்து ‘கிர்ர்’ என்றோ ‘டிக் டிக்’ என்றோ சத்தம் வந்தால் மட்டும் ஓட்டவே வேண்டாம், நேரே தரவு மீட்பு செய்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். படங்களை எங்கே சேமிக்கட்டும் என்று ஃபோட்டோரெக் கேட்கும், அப்போது அழிந்துபோன அதே டிஸ்க்கைக் காட்டிவிடாதீர்கள், வேறு டிஸ்க்கைக் காட்டுங்கள். கிடைத்ததா என்று ஒரு வரி எழுதுங்கள்.